லாரி டிரைவர் போன் பார்த்து மோதினாரா? ஆதாரம் அழிவதற்குள் செய்ய வேண்டியவை

லாரி ஓட்டியவர் கையில் போன் இருந்ததை நீங்களே பார்த்திருக்கலாம், பக்கத்தில் வந்தவர்களும் பார்த்திருக்கலாம், ஆனால் கோர்ட்டில் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கத் தேவையான பொருள்கள் எல்லாமே சீக்கிரம் அழிந்துபோகக்கூடியவை. கடை வாசலில் இருக்கும் கேமரா சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். லாரியின் டேஷ்கேமும் (முன்கண்ணாடியை ஒட்டிச் சாலையைப் பதியும் கேமரா) அப்படித்தான். இன்ஜின் கணினியில் இருக்கும் வேகம், பிரேக் விவரங்கள், அந்த லாரியை ரிப்பேர் செய்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தாலே மாறிவிடலாம். அதனால் தண்டனை, இழப்பீடு எல்லாவற்றுக்கும் முன்னால் ஆதாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சிகிச்சை, அதில் பேச்சே வேண்டாம். "பெரிய அடி இல்லை" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டினால்தான் காயமும் விபத்தும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும். போலீசிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது போன் விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் கூட வந்தவர் படம் எடுக்கட்டும்: லாரியின் முன்பகுதி நம்பர், பின்னால் இழுத்துவரும் டிரெய்லரின் நம்பர் (இரண்டுக்கும் வேறு வேறு உரிமையாளர்கள் இருப்பது சகஜம்), கதவில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயர், அப்புறம் சாலை. மோதிய இடத்துக்கு முன்னால் டயர் தேய்ந்த தடம் இல்லையென்றால் அந்த வெறும் சாலையையும் படம் எடுங்கள். கடைசி நொடிவரை பிரேக்கே போடவில்லை என்றால், அவர் கண் சாலையில் இல்லை என்பதற்கு அது ஒரு முக்கியமான அடையாளம். தடம் இல்லாதது மட்டும் போதாது, புதிய லாரிகளின் பிரேக் சக்கரத்தைப் பூட்டாமல் பிடிக்கும் என்பதால் தடம் விழாமலும் போகலாம், அதனால்தான் இன்ஜின் கணினிப் பதிவும் வேண்டும்.

அடுத்து, வக்கீலைப் பிடித்து முதல் வாரத்திலேயே லாரி நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள், எதையும் அழிக்காதே, மாற்றாதே என்று. இழப்பீட்டு மனுவை மெதுவாகத் தயார் செய்யலாம், இந்த நோட்டீஸ் மட்டும் காத்திருக்கக் கூடாது. டிரைவரின் போன், நிறுவனம் கொடுத்த போன் இருந்தால் அது, கேபினில் இருக்கும் டேப்லெட், ஜிபிஎஸ், டேஷ்கேம், இன்ஜின் கணினி, ஓட்டிய நேரப் பதிவுகள், அன்று அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன மெசேஜ்கள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஓட்டிய நேரப் பதிவுகளை நிறுவனம் 6 மாதம் வைத்திருந்தால் போதும், அதற்குப் பிறகு அழித்தால்கூட விதிமீறல் இல்லை. நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு அழித்தால் கதை வேறு, பல நாட்டு நீதிமன்றங்கள் அதை நிறுவனத்துக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும்.

போன் ஆதாரத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போன் கம்பெனி தரும் பட்டியலில் அழைப்புகளும் சாதாரண எஸ்எம்எஸ்களும்தான் நேரத்தோடு வரும். வாட்ஸ்அப் மெசேஜ் அதில் தனியாகத் தெரியாது, வெறும் டேட்டா பயன்பாடாகப் போய்விடும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு "அந்த நேரத்தில் எதுவும் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள், போனையே தடயவியல் நிபுணர் சோதிக்க வேண்டும், திரை எப்போது திறந்தது, எந்தச் செயலி முன்னால் இருந்தது என்பது அதில்தான் கிடைக்கும். இதற்குப் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவோ போலீஸ் பறிமுதலோ தேவை. போனின் கடிகாரமும் இன்ஜின் கணினியின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது, சில நொடி, சில நிமிடம்கூட வித்தியாசம் இருக்கும், இரண்டையும் பொருத்திக் காட்டாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேயே பிடித்துக்கொள்வார். நொடிக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் லாரி 5 நொடியில் 111 மீட்டர் ஓடிவிடும். 2009-ல் அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெசேஜ் அனுப்பும் கனரக வாகன ஓட்டுநர் விபத்தில் அல்லது விபத்தின் விளிம்பில் சிக்கும் ஆபத்து 23 மடங்கு அதிகம் என்று கண்டார்கள்.

சரி, யார் பொறுப்பு? டிரைவர் மட்டும் என்று நினைத்தால் பாதியை இழந்துவிடுவீர்கள். வேலை நேரத்தில் வேலைக்காக ஓட்டியவர் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு என்பது பெரும்பாலான நாடுகளில் உள்ள கொள்கை. அதற்கு மேலே நிறுவனத்தின் சொந்தத் தவறையும் தேடுங்கள். ஏற்கெனவே போன் விஷயத்தில் மாட்டியவரை வேலைக்கு வைத்தார்களா, ஓடிக்கொண்டிருக்கும் டிரைவருக்கு "எங்கே இருக்கிறாய், உடனே பதில் போடு" என்று அலுவலகமே மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்ததா? என்னைக் கேட்டால் இந்தக் கேள்விதான் வழக்கையே திருப்பக்கூடியது, ஏனென்றால் பல டிரைவர்கள் அரட்டைக்காகப் போனை எடுப்பதில்லை, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எடுக்கிறார்கள். 2013-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே போய், மெசேஜைப் பெறுபவர் ஓட்டிக்கொண்டே படிப்பார் என்று தெரிந்தே மெசேஜ் அனுப்பியவருக்கும் பொறுப்பு வரலாம் என்றது, அந்த வழக்கில் அனுப்பியவருக்கு அது தெரிந்திருந்ததாக ஆதாரம் இல்லாததால் அவர் தப்பினார்.

சட்டம் மூன்று பாதைகளில் ஓடும். குற்ற வழக்கு அரசு நடத்துவது, சிறை அதில்தான். லைசென்ஸ், அபராதம் தனி. இழப்பீடு நீங்கள் நடத்துவது. குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு தானாக விழுந்துவிடாது, அதில் நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு.

இங்கிலாந்தில் 2016-ல் ஒரு லாரி ஓட்டுநர் போனில் பாட்டு மாற்றிக்கொண்டே போய் நின்றிருந்த வாகனங்கள் மேல் மோத, ஒரு பெண்ணும் மூன்று குழந்தைகளும் இறந்தார்கள், அவருக்கு 10 ஆண்டு சிறை. ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால் 2022 ஜூன் முதல் அங்கே ஆயுள் தண்டனைவரை போகலாம். அமெரிக்காவில் 2010-லிருந்து மாநிலம் தாண்டி ஓடும் வணிக லாரி டிரைவர்கள் மெசேஜ் அடிப்பதற்கு மத்திய அரசே தடை போட்டிருக்கிறது, 3 ஆண்டுக்குள் இரண்டாவது முறை தண்டிக்கப்பட்டால் 60 நாள், மூன்றாவது முறை என்றால் 120 நாள் வணிக வாகனமே ஓட்ட முடியாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு கையில் போனோடு ஓட்டுவதே ஆபத்தாக ஓட்டும் குற்றத்துக்குள் வருகிறது, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 106-வது பிரிவின்படி 5 ஆண்டுவரை சிறை.

காலக்கெடுவை முதல் நாளே வக்கீலிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இழப்பீடு கேட்டு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக விபத்திலிருந்து 6 மாதம் என்று சட்டம் சொல்கிறது, இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சில நாட்களிலேயே எதிர்த்தரப்பு இன்சூரன்ஸிலிருந்து அன்பாகப் பேசி ஒருவர் வருவார். "சும்மா பதிவுக்காக" என்று கேட்டாலும் குரல் பதிவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், காயம் எவ்வளவு தூரம் போகும் என்று டாக்டருக்கே தெரியாத நேரத்தில் முழுத் தீர்வு என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் பின்னால் ஆபரேஷன் வந்தாலும் கேட்க முடியாது. "நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்" என்று வாய் தவறிச் சொல்வதும் ஆபத்து. உங்கள் பங்குத் தவறு எவ்வளவோ அந்த அளவு தொகை குறையும், அமெரிக்காவில் மேரிலாந்து, வெர்ஜீனியா போன்ற சில மாநிலங்களில் சிறு பங்கு தவறு இருந்தாலே ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

கடைசியாக, நீங்களே வண்டி ஓட்டி வந்திருந்தால் உங்கள் போனையும் அவர்கள் கேட்பார்கள். அதிலிருந்து எதையும் அழிக்காதீர்கள், பழைய போனை மாற்றினாலும் வழக்கு முடியும்வரை பத்திரமாக எடுத்து வையுங்கள்.