மோனேயைப் பார்த்துவிட்டுக் கதை எழுத உட்காருபவர்களுக்கு

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று புதியவர்களின் கதைகள் படிக்க வந்தன. மூன்றிலும் முதல் பக்கம் முழுக்க வெளிச்சம். ஓட்டு இடுக்கில் ஒழுகும் வெளிச்சம், குளத்தில் உடையும் வெளிச்சம், ஒருத்தியின் கம்மலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். ஒருவர் கடிதத்திலேயே சொல்லிவிட்டார்: "இம்ப்ரஷனிஸ்ட் பாணியில் முயன்றிருக்கிறேன்." மோனே போன்ற பிரெஞ்சு ஓவியர்கள் அந்தந்த நொடியின் வெளிச்சத்தைத் தனித்தனித் தூரிகைத் தீற்றல்களில் பிடித்த பாணி அது. சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்படி எழுதும்போது வரும் தவறுகளை இங்கே சொல்கிறேன். ஒற்றுப்பிழை, "அழகிய மாலைப்பொழுது" போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்கே தெரியும்.

மங்கல்தான் பாணி என்று நினைப்பது

மோனே 1872இல் பிரான்ஸின் லு ஹாவ்ர் துறைமுகத்தை வரைந்தார். 1874இல் பாரீஸில், புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோவில் அதைக் காட்சிக்கு வைத்தபோது 'இம்ப்ரஷன், சூரியோதயம்' என்று தலைப்பிட்டார். அதைக் கிண்டலடித்து விமர்சகர் லூயி லெருவா எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த இயக்கத்தின் பெயர் பரவியது. படம் முழுக்கப் பனிமூட்டம். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் "ஏதோ ஒரு நிறம்", "இனம் புரியாத வாசனை" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்தச் சூரியனைக் கொஞ்சம் கவனியுங்கள். படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் கிட்டத்தட்ட காணாமல் போகும். சுற்றியுள்ள வானத்தின் பிரகாசம்தான் அதற்கும். நிறம் ஒன்றை வைத்தே அதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மங்கலான படத்திலும் சூரியன் இன்ன ஆரஞ்சு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. "ஏதோ ஒரு" என்று எழுதும்போது உங்களுக்கு அது தெரிந்திருக்கிறதா?

நிழல் கறுப்பு, வயல் பச்சை

தெரிந்ததை எழுதுகிறோம், பார்ப்பதை எழுதுவதில்லை. மோனே 1868–69இல் வரைந்த 'மேக்பை' படத்தில் பனியின் மேல் விழும் வேலியின் நிழல் நீலம். வேட்டி வெள்ளை என்பது நமக்குத் தெரிந்த விஷயம். பழைய சோடியம் விளக்கடியில் அதே வேட்டி ஊறுகாய் எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சளடித்துக் கிடக்கும். எது கதைக்குள் வர வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாத் தீற்றலும் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பெரிய நஷ்டமும் இதில்தான்.

கித்தானில் நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சை வைத்தால் இரண்டும் ஒரே நொடியில் கண்ணில் விழும், ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். பாரீஸின் கோப்ளான் நெசவுக்கூடத்துச் சாயப்பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரோல், 1839இலேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். கறுப்புச் சாயத்தில் அழுத்தம் போதவில்லை என்று புகார் வர, ஆராயப் போனவர் கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் என்று கண்டுபிடித்தார். கிட்டே நின்றால் வெறும் தீற்றல், நாலு அடி பின்னால் போனால் படகு என்கிற வித்தைக்கு அடிப்படை, எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் இருப்பதுதான்.

கதை படிப்பவர் எப்படிப் பின்னால் போவார்? புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால் எழுத்து சிறிதாகும், அவ்வளவுதான். வாக்கியங்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொன்றாகத்தான் வரும். பத்தாவது ஆள் வரும்போது முதல் ஆளின் முகம் மறந்துபோயிருக்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது தூத்துக்குடியில் சந்தித்த ஒரு பெரியவரால். வலை பின்னுகிறவர். கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பியின் வலையை வருடா வருடம் எடுத்து, எலி கடித்த கண்ணிகளைச் சரிசெய்து, மறுபடி சுருட்டி வைப்பார். அதை யாரும் கடலுக்கு எடுத்துப் போகப் போவதில்லை. அவர் இதைச் சொன்ன அன்றே கதை என் கையில் இருந்தது. என் கெட்ட நேரம், அப்போது அறைச் சுவரில் ஒரு நாட்காட்டி, அதில் மேலே சொன்ன அதே லு ஹாவ்ர் சூரியன்.

முதல் பத்தியில் துறைமுகத்து விடியலை எழுதினேன். தண்ணீரில் டீசல் படலம், அதில் நெளியும் நிறங்கள், ஐஸ் பெட்டியின் ஆவி, விசைப்படகின் பச்சை விளிம்பு, நனைந்த கயிறு, கூடைக்காரியின் மூக்குத்தி. இப்படி எத்தனை தீற்றல் என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 27. எனக்கு ஒரே பெருமை. நண்பன் படித்துவிட்டுச் சொன்னான்:

"விடியக்காலை நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு கத?"

"அந்தப் பெரியவரு கததான்."

"எந்தப் பெரியவரு?"

பெரியவர் 19ஆவதாக இருந்தார். ஐஸ் பெட்டிக்கும் ஒரு காக்கைக்கும் நடுவில். நானே அவரை இன்னொரு தீற்றலாக்கி வைத்திருந்தேன்.

அனுப்பிய பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பியது. இரண்டு முறை திருத்தி எழுதிப் பார்த்தேன். எங்கே தொட்டாலும் அந்த விடியல் வந்து ஒட்டிக்கொண்டது. பெரியவரின் கதை இன்றுவரை எழுதப்படவில்லை.

1886 மே மாதம் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் தன் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிலா வெளிச்சத்தைக் காட்ட வேண்டுமா, மில் அணைக்கட்டின் மேல் ஓர் உடைந்த பாட்டில் துண்டு மின்னட்டும், நாயோ ஓநாயோ ஒன்றின் கரிய நிழல் உருண்டு ஓடட்டும், இரவு வந்துவிடும் என்றார். அதே மாதம்தான் பாரீஸில் இம்ப்ரஷனிஸ்டுகளின் எட்டாவது, கடைசிக் கண்காட்சி திறந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் அந்தத் தேதிப் பொருத்தம் எனக்குப் பிடிக்கும். செகாவை இம்ப்ரஷனிஸ்டுகளோடு ஒப்பிட்டுத் தல்ஸ்தோய் பேசியதாகவும் பதிவு உண்டு.

இதில் எத்தனை தீற்றல் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு. ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. ஒன்று அசையாதது, ஒன்று ஓடுவது. நிலாவே இல்லை! மிச்சத்தை வாசகர் தன் ஊர் இரவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார். கித்தானில் கண் செய்கிற வேலையைக் கதையில் ஞாபகம் செய்கிறது. அதனிடம் 27ஐக் கொடுத்தால் எதையுமே தூக்காது.

போன மாதக் கதை ஒன்றில், ஆஸ்பத்திரி வராந்தாவில் மகனிடம் அம்மா போய்விட்டதைச் சொல்கிறார்கள். உடனே பதினோரு வரிக்கு ஜன்னல் வெளிச்சம். எழுதியவரை அழைத்து, இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாலு நாள் கழித்து அனுப்பினார். பிரிக்காத பிஸ்கட் பொட்டலத்தின் மேல் ட்யூப்லைட் மினுங்குகிறது. கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு. நான் அதில் கை வைக்கவில்லை.

எங்கே நிற்கிறோம் என்பதை மறப்பது

'கபுசின் பூல்வார்' படத்தில் மாடி உயரத்திலிருந்து தெருவைப் பார்க்கிறார் மோனே. ஆட்கள் கறுப்புக் கீற்றுகளாகத் தெரிகிறார்கள். 1874 கட்டுரையில் லெருவா இதையும் விட்டுவைக்கவில்லை, மனிதர்கள் இப்படியா இருப்பார்கள் என்று நக்கலடித்தார். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருப்பார்கள். உங்கள் கதாநாயகன் மொட்டை மாடியில் நின்றுகொண்டு தெருவில் போகிறவளின் கண்மை கலைந்ததைப் பார்க்கிறான். என்ன கண்ணோ அது!

உவமை

பத்திக்கு ஒன்று. அதையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

"ஒரே மூச்சில் எழுதினேன்"

ஓவியர்களும் அப்படித்தான் வரைந்தார்கள் என்று வேறு சொல்வார்கள். 1885இல் பிரான்ஸின் எத்ரதா கடற்கரையில் மோனே வேலை செய்வதை எழுத்தாளர் மாப்பசான் கூடவே இருந்து பார்த்தார். மறுவருடம் அதைப் பற்றி எழுதவும் செய்தார். ஒரே காட்சியின் ஐந்தாறு கித்தான்களைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு பின்னால் வர, வானம் மாற மாற மோனே ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம். ரூவான் தேவாலய வரிசையை 1892, 1893 இரண்டு வருடமும் அங்கே போய் வரைந்து, அப்புறம் ஷிவெர்னி வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினார். 1895இல்தான் அதில் 20 படங்கள் வெளியே வந்தன. அதே கூட்டத்து ஓவியர் தெகாவோ வெளியில் போய் வரைவதையே கேலி செய்தவர்.

உங்கள் பத்தியில் காலை வெயிலும் நடுமதியப் புழுக்கமும் ஒன்றாக நின்றால், வானம் மாறியபிறகும் கித்தானை மாற்றாமல் எழுதியிருக்கிறீர்கள். திண்ணையை மூன்று வேளையில் மூன்று தனித்தாளில் எழுதுங்கள். கதைக்கு எந்த வேளை வேண்டுமோ அந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச இரண்டையும் கிழிக்க மனசு வராது. எனக்கும் வந்ததில்லை, ஒரு பழைய ஃபைல் நிறைய வைத்திருக்கிறேன்.

"வானம் மோனே ஓவியம்போல் இருந்தது"

வேண்டாம்.