டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் ராத்திரி

பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற வாரம் வந்தால் என் மேஜையைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். "டீச்சர், மெடிக்கல் சர்டிஃபிகேட் நாளைக்கே வேணுமா? எங்க போய் வாங்குறது?" திண்டுக்கல் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 வருஷமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். அந்தச் சர்டிஃபிகேட்டுக்காகப் பிள்ளையை டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது என்று பெற்றோரிடம் வருஷா வருஷம் வாயால் சொல்லி வருவதை இந்தத் தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. போட்டிக்கு முந்தின நாள் டாக்டரிடம் ஓடாதீர்கள். ஆறு வாரம் முன்னாலேயே போங்கள். ரத்தம் குறைவாக இருக்கிறது என்றால் மாத்திரை சாப்பிட்டு ஏற நாள் வேண்டும். கண்ணாடி போட, முட்டிவலிக்குப் பயிற்சி செய்ய, எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும். ஜூலையில் போட்டி என்றால், பள்ளி திறப்பதற்கு முன்பே மே கடைசியில் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது. டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் ராத்திரி, சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். பாட்டி, தாத்தா இருந்தால் கட்டாயம் அவர்களும் இருக்க வேண்டும். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ பிள்ளை எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? நெஞ்சு வலித்ததா, இறுக்கிப் பிடித்ததா? நெஞ்சு தாறுமாறாக அடித்ததா? கூட ஓடுகிறவர்களை விட இவனுக்கு மட்டும் அதிகமாக மூச்சு வாங்குகிறதா? அப்புறம் சொந்தத்தில், அப்பா வழி அம்மா வழி இரண்டிலும், 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு "அப்படி யாருமில்லை" என்று அப்பா சட்டென்று சொல்லிவிடுவார். பாட்டியிடம் வேறு மாதிரி கேட்க வேண்டும். நன்றாக நீச்சல் தெரிந்தவர் கிணற்றில் மூழ்கிப் போனாரா? யாரையாவது காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்களா? நம் ஊர்களில் இதயத்தால் வந்த சாவுகள் பல அந்தப் பெயரில்தான் நினைவில் இருக்கின்றன. தண்ணீரில் இறங்கி நீந்தும்போது இதயத்துடிப்பு தடுமாறி உயிர் போகிற பரம்பரைக் கோளாறு ஒன்று உண்மையிலேயே உண்டு.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். 800 மீட்டர் ஓடுவான். ஒருநாள் பயிற்சியில் கடைசி வளைவு திரும்பும்போது அப்படியே மண்ணில் சரிந்தான். அரை நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டே, "காலைல சாப்பிடல டீச்சர்" என்றான். நானும் நம்பிக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். கையில் சர்டிஃபிகேட் இருக்கிறதே என்ற தைரியம். அது ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலேயே ஒருவர் போட்டுக் கொடுத்த கையெழுத்து என்பது பிறகுதான் தெரிந்தது.

மனசு கேட்காமல் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த பாட்டி தலை நிமிராமல் சொன்னார்: "இவன் சித்தப்பனும் இப்படித்தான் டீச்சரு. கதிரடிக்கிற களத்துல விழுந்தான். 28 வயசு. காத்துக் கருப்பு." மறுநாளே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஈ.சி.ஜி.யும், எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்தார்கள். இதயத் தசை தடித்துப்போகும் நோய். பரம்பரையாக வருவது என்பதால் அப்பாவையும் தங்கையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். பையன் மாத்திரையில் நன்றாக இருக்கிறான். ஓடுவதில்லை. எங்கள் போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் அவன் கையில்தான் இருக்கும்.

வாலிபால், கூடைப்பந்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. உயரமான பிள்ளைகளைத்தான் நாங்கள் தேடித்தேடி எடுக்கிறோம். அதில் மிக ஒல்லியாக, விரல்கள் நீண்டு, கைகளை விரித்தால் உயரத்தை விட நீளமாக இருக்கிற பிள்ளை இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணியில் ஆடியவர். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சரிந்து இறந்தார். மார்ஃபான் என்கிற கோளாறால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. உயிரோடு இருந்தவரை அவருக்கு அந்தக் கோளாறு இருப்பதே யாருக்கும் தெரியாது. எல்லா உயரமான பிள்ளைக்கும் இது இருக்காது, பயப்பட வேண்டாம். கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, மறுநாள் காலை. ஆரம்ப சுகாதார நிலையமோ தாலுகா ஆஸ்பத்திரியோ, ஓ.பி. நேரத்துக்கு முன்பே போய்ச் சீட்டு எடுங்கள். முந்தின ராத்திரி எழுதிய நோட்டு, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பிள்ளை சாப்பிடுகிற மாத்திரைகள், இரண்டு போட்டோ, பள்ளியில் கொடுத்த படிவம் எல்லாம் பையில் இருக்கட்டும். தளர்வான பனியனும் ஷார்ட்ஸும் போட்டுவிடுங்கள். அன்று காலையில் பயிற்சி வேண்டாம், டீ காபியும் வேண்டாம். பி.பி. பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வையுங்கள். 13 வயதுக்கு மேல் 130/80 அல்லது அதற்கு மேல் காட்டினால் பதற்றமாகவும் இருக்கலாம், வேறொரு நாள் திரும்பப் பார்க்கச் சொல்லுவார்கள். சொன்னால் கட்டாயம் போங்கள்.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் கேட்க வேண்டும். கண் பார்வை, முதுகு, தோள், முட்டி, கணுக்கால் பார்க்க வேண்டும். குந்தி உட்கார்ந்து வாத்து மாதிரி நாலு எட்டு நடக்கச் சொன்னாலே இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் தெரிந்துவிடும். இதெல்லாம் நடக்காமல் கையெழுத்து வந்தால், "சார், ஓடுற பிள்ளை, கொஞ்சம் நெஞ்சை வச்சுப் பாருங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஓடி முடித்து ஐந்து பத்து நிமிஷத்தில் இருமல் வருகிற பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். ஆஸ்துமாவாக இருக்கலாம். இன்ஹேலர் வைத்துக்கொண்டு தாராளமாக விளையாடலாம்.

பெண் பிள்ளைகளுக்கு அம்மாவோ அத்தையோ கூடப் போங்கள். மாதவிலக்கு பற்றி டாக்டர் கேட்பார், அப்பா பக்கத்தில் நின்றால் பிள்ளை வாய் திறக்காது. வந்துகொண்டிருந்தது மூன்று மாதமாக வரவில்லை என்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதாமல்கூட அப்படி நிற்கும், எலும்பும் பலவீனமாகும். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. எங்கள் 400 மீட்டர் பெண் ஒருத்தியை நேரம் கூடிக்கொண்டே போகிறது என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் 8.4. அவளைத் திட்டியது இன்றைக்கும் உறுத்துகிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும், கூடவே டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது.

டாக்டர் "இப்போதைக்கு வேண்டாம், இந்த டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று எழுதினால் என்மேல் கோபப்படாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கொஞ்ச நாள் தாமதம்தான். வேறு கிளினிக்கில் போய்க் கையெழுத்து வாங்கி வந்தால் நான் சேர்க்க மாட்டேன். சர்டிஃபிகேட் வாங்கிய பிறகு காய்ச்சல் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, அந்தக் காகிதம் செல்லாது என்று வைத்துக்கொண்டு மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

கையெழுத்து, டாக்டரின் பதிவு எண், சீல், தேதி நாலும் இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்து இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்றின் பின்பக்கம் பிள்ளையின் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இன்ஹேலர் உண்டா, அப்பா அம்மா போன் நம்பர் எழுதி என்னிடம் கொடுங்கள். வேனில் ஏறும்போது முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் முதலில் கைக்கு வருகிற மாதிரி அந்தத் தாள்களைத்தான் வைத்திருப்பேன்.