இரும்புக்கை மாயாவிய கேரக்டர் ஷீட்டுக்குள்ள கொண்டு வர்றது எப்படி

சூப்பர்ஹீரோ ரோல்பிளே கேம் (ஆளுக்கொரு கேரக்டரா மாறி, பகடை உருட்டி டேபிள்ல கதை ஆடுற விளையாட்டு) ஆட ஆரம்பிச்ச எல்லாருக்கும் ஒரு கட்டத்துல அந்த ஆசை வரும், காமிக்ஸ்ல பாத்து பாத்து ரசிச்ச ஆள நாமளே டேபிள்ல ஆடணும்னு. உடனே ரூல்புக்க தொறந்து பவர் லிஸ்ட்ட மேலருந்து கீழ வரைக்கும் படிச்சு, இதுவும் அவருக்கு இருக்கு அதுவும் இருக்குன்னு அள்ளிப் போட்டு, கடைசில பவர் வாங்குற பாயின்ட் பத்தல கேம் சரியில்லன்னு முடிச்சிடுறாங்க. நான் சொல்றது அதுக்கு நேர் எதிர். அந்த ஆளால என்ன முடியாது, எது கைய விட்டுப் போனா அவர் வெறும் மனுஷன், அதை முதல்ல எழுதுங்க. பவர் எல்லாம் அதுக்கு அப்புறம் வரட்டும்.

உதாரணத்துக்கு நம்ம இரும்புக்கை மாயாவியவே எடுத்துக்கலாம். 1962ல பிரிட்டன்ல வேலியன்ட் பத்திரிகைல வந்த லூயிஸ் கிராண்டெல்தான் 1972ல முத்து காமிக்ஸ் மூலமா நமக்கு மாயாவியா வந்தார், அதுக்கப்புறம் அவர் நம்ம ஆளாவே ஆயிட்டார். கேம் சிஸ்டத்துக்கு மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் மூணாவது எடிஷன் எடுத்துக்குறேன், ஏன்னா அதுல ஒரு பவரோட பேரு முக்கியமில்ல, அது டேபிள்ல என்ன செய்யுதுங்கறதுக்குத்தான் விலை. லேசரா இருந்தாலும் புல்லட்டா இருந்தாலும் தூரத்துல இருக்கவன காயப்படுத்துதா, ரெண்டும் ஒரே எஃபெக்ட்தான், நிறமும் சத்தமும் நம்ம இஷ்டம்.

முதல்ல எந்தக் காலத்து மாயாவின்னு முடிவு பண்ணுங்க, இத விட்டுட்டு ஆரம்பிச்சா பின்னாடி எல்லாமே குழம்பும். ஆரம்பத்துல கிராண்டெல் லேப்ல வேலை பாக்குற ஆள், விபத்துல வலது கைய இழந்து இரும்புக் கை மாட்டினவர், அப்புறம் இன்னொரு விபத்துல கரன்ட் பாஞ்சு மறையுற சக்தி வந்ததும் அதை தப்பான வழிக்குத்தான் பயன்படுத்துறார். நிழற்படைங்கற உளவு அமைப்புல சேந்து உளவாளியா வேலை செய்யுறதெல்லாம் பின்னாடி கதை. கைக்குள்ள சாமான் வச்சு அனுப்புறதும் அந்த உளவாளி காலத்துலதான். நான் நிழற்படை மாயாவியத்தான் எடுக்குறேன், டேபிள்ல மத்த நாலு பேரோட சேந்து ஆடணும்னா அவர்தான் சரிப்படுவார்.

அடுத்தது பவர் லெவல். இந்த கேம்ல வழக்கமா ஆடுறது லெவல் 10, ஒரு லெவலுக்கு 15 பாயின்ட் வீதம் 150 கிடைக்கும். மாயாவி பறக்க மாட்டார், கட்டடத்த தூக்க மாட்டார், துப்பாக்கி எதிர்ல நின்னா அவருக்கும் ஆபத்துதான், அதனால லெவல் 8, 120 பாயின்ட். லெவல்னா உச்ச வரம்புன்னும் அர்த்தம். அடிக்கிற போனஸும் (பகடைல விழுற எண்ணோட கூட்டுறது) அடியோட ரேங்கும் (எவ்ளோ பலமான அடிங்கற எண்) சேத்து லெவலோட ரெண்டு மடங்க தாண்டக் கூடாது, நம்ம கணக்குல 16. தப்பிக்கிற டாட்ஜும் தாங்குற டஃப்னஸும் சேத்தாலும் அதே 16. இந்த ரெண்டு வரம்புக்குள்ள எந்தப் பக்கம் சாயுறோம்ங்கறதுல பாதி கேரக்டர் வந்துடும். மாயாவிக்கு நான் டாட்ஜ் 10, டஃப்னஸ் 6 வைப்பேன், அந்த ஆறுலயும் பெரும்பங்கு டிஃபன்ஸிவ் ரோல்ல இருந்து வரணும், அதாவது சுதாரிப்பா இருந்தாத்தான் தப்பிப்பார், பின்னாடியிருந்து அடிச்சா விழுந்துடுவார். காமிக்ஸ்ல அவர எத்தனை தடவை பின்மண்டைல அடிச்சு மயங்க வச்சு கடத்தியிருக்காங்கன்னு படிச்சவங்களுக்குத் தெரியும்.

இப்போ முக்கியமான இடம். உடம்புல இருக்கறது எது, சாமான்ல இருக்கறது எது? கை, மறையுறது ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி இரும்புக்கை பவர்னு போடுறவங்க உண்டு, எனக்கு அது சரியாப் படல. மறையுற சக்தி அவர் உடம்போடது, கைய கழட்டினாலும் அது போகாது. ஆனா கரன்ட் பாயணும். அதனால இத ரெண்டா பிரிக்கணும்.

மறையுறதுக்கு கன்சீல்மென்ட்ங்கற எஃபெக்ட். கண்ணால பாக்குற எல்லா வகைலயும் மறையணும்னா 4 ரேங்க், ரேங்குக்கு 2 பாயின்ட், மொத்தம் 8. வெளியில இருந்து மின்சாரம் கிடைச்சாத்தான் வேலை செய்யும்ங்கறது பெரிய தடை, லிமிடெட்ங்கற ஃபிளா (விலைய குறைக்கிற குறைபாடு) போட்டா ரேங்குக்கு ஒரு பாயின்ட் குறையும், ஆக 4 பாயின்ட். இங்க ஃபேட்ஸ்னு இன்னொரு ஃபிளா கண்ணுல படும், கரன்ட் தீர தீர சக்தி குறையுமேன்னு அதப் போடத் தோணும், போடாதீங்க. அது ரவுண்டுக்கு ஒரு ரேங்க் குறைக்கும், ஒரு ரவுண்டு 6 செகண்டு, நாலு ரேங்கும் 24 செகண்டுல காலி. மாயாவி எதிரி கோட்டைக்குள்ள பூந்து ஆவணத்த எடுத்துட்டு வெளிய வர்ற கதைக்கு 24 செகண்டு எந்த மூலைக்கு? எப்போ உருவம் திரும்ப வரணும்ங்கறத கேம நடத்துற ஜி.எம்.கிட்ட விட்டுடுங்க, சரியா மாட்டிக்கிற நேரத்துல கொண்டு வருவாங்க, கதைலயும் அப்படித்தான் நடக்கும்.

அப்புறம் ஒரு விஷயத்த நெறைய பேர் மறந்துடுவாங்க, அவர் பிளக்ல விரல விட்டா அந்த ஷாக் அவருக்கு அடி இல்லயா? ரூல்படி அடிதான். அதனால மின்சார அடி அவர பாதிக்காதுங்கறதுக்கு இம்யூனிட்டி, 5 பாயின்ட். இத வாங்காம விட்டா ஒவ்வொரு தடவை மறையும்போதும் டஃப்னஸ் உருட்டிட்டு இருக்கணும்.

மறைஞ்சாலும் கை மட்டும் அந்தரத்துல தெரியும் இல்லயா, மாயாவின்னாலே நமக்கு ஞாபகம் வர்ற படம் அதுதான். இத பார்ஷியல்னு ஃபிளா போட்டு எப்பவுமே பாதி மறைவு ஆக்கலாம், ஆனா கைய சுவருக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டா அவர் முழுசா இல்லாத ஆள். குவர்க்னு சின்ன ஃபிளா போட்டு 1 பாயின்ட் மிச்சம் பிடிக்கலாம், அதுவும் வேண்டாம். காம்ப்ளிகேஷனா, அதாவது கதைல வர்ற சிக்கலா எழுதுங்க, பாயின்ட் மிச்சமாகாது, ஆனா கை தெரிஞ்சு மாட்டிக்கிற ஒவ்வொரு தடவையும் ஜி.எம். ஒரு ஹீரோ பாயின்ட் குடுப்பாங்க, அத வச்சு அப்புறம் ஒரு முக்கியமான உருட்டல திரும்ப உருட்டலாம். பலவீனத்த தேடிப் போய் ஆடுற ஆசை அப்பத்தான் வரும். சண்டைல எங்க டேபிள் வழக்கம் என்னன்னா, முழுசா மறைஞ்சவர அடிக்க எதிரிக்கு -5, அந்த ரவுண்டுல கைய நீட்டிட்டார்னா வெறும் -2.

இனி கை. முதல்ல அது இரும்பு, குத்தினா கூடுதலா வலிக்கும், ஸ்ட்ரெங்த்தோட சேர்ற டேமேஜ் 2, அதுக்கு 2 பாயின்ட். விரல்ல இருந்து சுடுறது தூர டேமேஜ் ரேங்க் 5, ரேங்குக்கு 2 வீதம் 10 பாயின்ட், அடிக்கிற போனஸ் +11 வச்சா சரியா 16. இதே 10 பாயின்ட்டுக்குள்ள அடங்குற வேற எதையும் மாற்று எஃபெக்டா தலா 1 பாயின்ட்டுக்கு சேத்துக்கலாம், ஒரு நேரத்துல ஒண்ணுதான் வேலை செய்யும். அப்படி மயக்க வாயு ஒண்ணு, அது ரேங்க் 5 தூர அஃப்ளிக்ஷன் (காயத்துக்குப் பதிலா மயக்கம் மாதிரி நிலைல தள்ளுறது). தொட்டு ஷாக் குடுக்குறது ஒண்ணு, கிட்டக்க டேமேஜ் 8, போனஸ் +8. கைக்குள்ள இருக்குற ரேடியோவுக்கு ஃபீச்சர்ங்கற சின்ன வசதி, 1 பாயின்ட். ஆக 2, 10, 1, 1, 1 எல்லாம் கூட்டினா 15. இது கழட்டக் கூடிய சாமான், ஆனா ஆள கட்டிப் போட்டாத்தான் கழட்ட முடியும், அதனால ரிமூவபிள், அஞ்சு பாயின்ட்டுக்கு ஒண்ணு குறையும், 12.

இதே இடத்துல இன்னொரு காமிக்ஸ் ஆளு ஸ்பைடர நெனச்சுப் பாருங்க, ஸ்பைடர்மேன் இல்ல, குற்றச் சக்கரவர்த்தி. அவரோட வலைத் துப்பாக்கிய சண்டை நடுவுலயே தட்டி விட்டுடலாம், அது ஈஸிலி ரிமூவபிள், அஞ்சுக்கு ரெண்டு குறையும். லெவல் 10 ஸ்பைடருக்கு வலை ரேங்க் 10 வச்சா, கட்டிப் போடுற ஸ்னேர் ரேங்குக்கு 3ன்னு 30 ஆகும், அதுல 12 கழிச்சா 18. அவ்ளோ தள்ளுபடி ஏன்னா ஒரு நல்ல அடில அவர் கை வெறுங்கை ஆயிடும். அவரோட ஹெலிகார் வேற கணக்கு, அது வாகனம், எக்விப்மென்ட் அட்வான்டேஜ்ல வாங்கணும், 1 பாயின்ட் போட்டா 5 எக்விப்மென்ட் பாயின்ட் கிடைக்கும். சாதாரண துப்பாக்கி, கார், கேமரா எல்லாம் இதே கணக்குலதான் வாங்கணும், மேல சொன்ன ரிமூவபிள் சாமான் மாதிரி டிவைஸ்னு எழுதி பாயின்ட்ட வீணாக்காதீங்க.

சாம்பியன்ஸ்ங்கற இன்னொரு சூப்பர்ஹீரோ கேம் ஆடுறவங்களுக்கும் இதே யோசனைதான், அங்க அதுக்குப் பேரு ஃபோகஸ். கண்ணுக்குத் தெரியுதா, சண்டைல பிடுங்க முடியுமான்னு ரெண்டு கேள்வி. ஸ்பைடர் துப்பாக்கிக்கு ரெண்டுக்கும் ஆமாம், -1, விலை பாதியாயிடும். மாயாவி கை தெரியும் ஆனா பிடுங்க முடியாது, -1/2.

சரி, கூட்டிப் பாருங்க. மறையுறது 4, இம்யூனிட்டி 5, கை 12, மொத்தம் 21. 120ல 99 இன்னும் கைல இருக்கு! மொத தடவை இந்தக் கணக்கப் பாக்குறவங்க எதையோ விட்டுட்டோம்னு நெனச்சு இன்னும் பவர் தேடுவாங்க, தேட வேண்டாம். மாயாவி ஒரு உளவாளி, அந்த 99ம் பதுங்கிப் போற ஸ்டெல்த், ஏமாத்துற டிசெப்ஷன், எலக்ட்ரிக் வேலை தெரிஞ்ச டெக்னாலஜி, நல்ல டாட்ஜ், உறுதியான வில் (மனஉறுதி) இதுலதான் போகணும். ஸ்கில் மலிவு, 1 பாயின்ட்டுக்கு 2 ரேங்க்.

பலம் எவ்ளோன்னு முடிவு பண்ண ஒரு வழி இருக்கு, தூக்குற எடைய அட்டவணைல பாக்குறது. ரேங்க் 0ன்னா 50 பவுண்டு, ரேங்குக்கு ரேங்க் ரெண்டு மடங்கு. கார தூக்கி வீசுற ரோபோ ஆர்ச்சின்னா ரேங்க் 6ல 3200 பவுண்டு வருது, அதுதான் ஆரம்பம். ஒரே ஒரு கதைல ஒரே ஒரு கட்டத்துல செஞ்ச சாகசத்த வச்சு ரேங்க் போடாதீங்க, அவர் வழக்கமா என்ன செய்யுறாரோ அத எடுங்க, அந்த அபூர்வமான ஒண்ணுக்கு எக்ஸ்ட்ரா எஃபர்ட்டும் (ஒரு தடவை அளவுக்கு மீறி முயற்சி பண்றது) ஹீரோ பாயின்ட்டும் இருக்கவே இருக்கு. மாயாவிக்கு ஸ்ட்ரெங்த் 2 போதும்.

ஷீட் முடிஞ்சதும் கேம்பெயின்ல (பல நாள் தொடர்ந்து ஆடுற கதைல) எறக்குறதுக்கு முன்னாடி ஜி.எம்.கூட உக்காந்து ரெண்டு சீன் ஓட்டிப் பாருங்க. ஒண்ணு கரன்ட் இருக்குற இடம், பவர் ஸ்டேஷனோ ரயில்வே யார்டோ. இன்னொண்ணு நடுக்காடு, பேட்டரி கூட கிடையாது. ரெண்டாவது சீன்லயும் அவர் ஏதாவது உருப்படியா செய்யுறாரான்னு பாருங்க, சும்மா நின்னார்னா அந்த 99ல இருந்து ஸ்டெல்த்துக்கும் கிட்டத்து சண்டைக்கும் இன்னும் கொஞ்சம் நகத்துங்க.