இருபது நிமிடத்தில் நின்றுபோகும் டிராக்டர்

எங்கள் டிராக்டர் 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், பழைய வண்டி. காலையில் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். கலப்பையை இறக்கி இருபது நிமிடம் உழுததும் இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றுவிடும். கால் மணி நேரம் விட்டால் மறுபடி ஓடும்.

நிற்கும்போது கரும்புகை இல்லை, சூடும் ஏறவில்லை. சரி, டீசல் வரத்துதான் குறைகிறது என்று இரண்டு ஃபில்டரையும் மாற்றினேன். டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியே விடும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றெடுத்தேன். மறுநாளும் அதே கதை. எஞ்சினுக்கு டீசல் செலுத்தும் பெரிய பம்பையே கழற்றி ரிப்பேருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பெரிய செலவு, மனம் ஒப்பவில்லை.

அடுத்த முறை நின்ற உடனே டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது! மூடியிலுள்ள சின்னக் காற்றுத் துளையைச் சேற்று உழவின் மண் அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஓய்வு கொடுத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டியும் ஓடும்.

மூடியை டீசலில் கழுவி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டேன். அன்று இருட்டும்வரை உழுதேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.