ரெட் ஒயின் அழற்சியைக் குறைக்குமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது, உடம்பில் அழற்சியை (வீக்கம், வலி தரும் இன்ஃப்ளமேஷனை) குறைக்கும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரத்தக் கொதிப்புக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்கூட இதை நம்பி, அதுவரை தொடாத ஒயினை ஐம்பது வயதுக்கு மேல் மருந்துபோல ஆரம்பிக்கிறார்கள். என் கவலை முக்கியமாக இவர்களைப் பற்றித்தான். விருந்தில் பிடித்து ஒரு கிளாஸ் குடிப்பவர் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து குடிக்கிறார். மருந்து என்று நினைத்துக் குடிப்பவர் தவறான கணக்கில் குடிக்கிறார்.

இந்தப் பேச்சு பெரிதாகப் பரவியது 1991இல். வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, காரணம் ஒயினாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. மறு ஆண்டு செர்ஜ் ரெனோ, மிஷெல் தெ லோர்ஜெரில் ஆகிய இருவரும் இதே கருத்தை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ‘பிரெஞ்சு முரண்’ என்ற பெயர் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது. ஒயின் குடிப்பவர் ஆரோக்கியமாக இருந்தால் அதற்கு ஒயின்தான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். டென்மார்க்கில் சூப்பர்மார்க்கெட் பில்கள் சுமார் 35 லட்சத்தை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. ஒயின் வாங்கியவர்களின் கூடையில் ஆலிவ், பழங்கள், காய்கறிகள், கொழுப்பு குறைந்த சீஸ் எல்லாம் அதிகம். பீர் வாங்கியவர்களின் கூடையில் சிப்ஸ், குளிர்பானம், சர்க்கரை, ரெடிமேட் சாப்பாடு. ஒயின் குடிப்பவர்களுக்குப் பல நாடுகளில் வருமானமும் படிப்பும்கூட அதிகம். அப்படியிருக்க, நன்மை முழுவதையும் கிளாஸின் கணக்கில் எப்படி எழுதுவது?

இன்னொரு பக்கம், குடிக்காதவர்கள் என்று ஆய்வில் வரும் கூட்டத்தில், உடம்பு கெட்டுப்போனதால் குடியை நிறுத்தியவர்களும் இருப்பார்கள். பிரிட்டனில் ஷேப்பர் என்ற ஆய்வாளர் 1988இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். நோயாளிகள் கலந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் நலமாகத்தான் தெரிவார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க மரபணு வழியாகப் பார்க்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே மது ஒத்துக்கொள்ளாது. நோயால் அல்லாமல் பிறவியாலேயே குறைவாகக் குடிக்கும் இவர்களை மற்றவர்களோடு ஒப்பிடலாம். சீனாவில் சுமார் 5 லட்சம் பேரைப் பின்தொடரும் ஆய்வுத் திட்டத்தில் இப்படிப் பார்த்தபோது, ஆண்களிடம் மது கூடக்கூடப் பக்கவாத ஆபத்தும் கூடியது. கொஞ்சம் குடித்தால் பாதுகாப்பு என்பது அங்கே தெரியவில்லை. இது 2019இல் வெளியானது.

சரி, அழற்சிக்கு வருவோம். அளவாகக் குடிப்பவர்களின் ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சிக் குறியீடு சற்றுக் குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டது உண்மைதான். ஸ்பெயினில் 67 ஆண்களுக்கு ரெட் ஒயின், ஆல்கஹால் நீக்கிய ரெட் ஒயின், ஜின் மூன்றையும் நான்கு நான்கு வாரம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒயினில் திராட்சையிலிருந்து வரும் பாலிஃபீனால்கள் என்ற பொருள்கள் அழற்சி தொடர்பான சில பொருள்களைக் குறைத்தன. ஆல்கஹாலும் வேறு சிலவற்றைக் குறைத்தது. ஆனால் அதே ஆண்களுக்கு ரத்த அழுத்தம் தெளிவாகக் குறைந்தது ஆல்கஹால் நீக்கிய ஒயின் குடித்தபோதுதான். ஒரு குறியீடு இறங்கிவிட்டதாலேயே நோய் குறைந்துவிட்டதாக நினைப்பது இரண்டாவது தவறு.

மதுவே அழற்சியைத் தூண்டும் வழியும் இருக்கிறது. எத்தனால் குடல் சுவரின் செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. குடல் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் ரத்தத்தில் கசிந்து கல்லீரலுக்குப் போகிறது. அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்கள் உசுப்பப்பட்டு அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. ஒரே மூச்சில் நிறையக் குடித்தால், பழக்கம் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கும் இந்த நச்சு ரத்தத்தில் ஏறுகிறது. அதனால், வாரம் முழுக்கக் குடிக்காமல் இருந்து சனிக்கிழமை ஏழு கிளாஸைக் காலி செய்துவிட்டு, சராசரி தினம் ஒன்றுதானே என்று சொல்வது செல்லாது.

திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளின் பெயரைச் சொல்லி ஒயினை நியாயப்படுத்துவதும் வேண்டாம். ஒரு லிட்டர் ரெட் ஒயினில் இது ஒரு சில மில்லிகிராம்தான். ஆய்வுகளில் கொடுக்கும் அளவோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம். இத்தாலியின் கியாந்தி, ஒயினுக்குப் பேர்போன வட்டாரம். அங்கே 65 வயது தாண்டிய 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் தடயத்தை அளந்து பல ஆண்டுகள் கவனித்தார்கள். அதிகம் இருந்தவர்களுக்கு அழற்சியும் குறையவில்லை, இதயநோயும் குறையவில்லை, ஆயுளும் கூடவில்லை. இந்த முடிவு 2014இல் வந்தது. அப்புறமும் விளம்பரங்கள் ஓயவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு அளவில். ‘ஒரு கிளாஸ்’ எவ்வளவு? அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் ஆல்கஹால். 12 சதவீத ஒயினில் சுமார் 150 மில்லி. இன்றைய பெரிய கிளாஸில் 14 சதவீத ஒயினை 250 மில்லி ஊற்றினால் கிட்டத்தட்ட 28 கிராம் போய்விடும். நாம் ஒன்று என்று நினைத்தது இரண்டு. இங்கிலாந்தில் 1700 வாக்கில் சுமார் 66 மில்லி பிடித்த ஒயின் கிளாஸ், 2017 வாக்கில் 449 மில்லிக்கு வளர்ந்திருப்பதாக கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். கண்ணை நம்பி ஊற்ற முடியாது. வீட்டில் அளவுக் குவளை ஒன்று வைத்து ஒரு தடவையாவது அளந்து பாருங்கள். போர்ச்சுகலின் போர்ட் ஒயினில் கூடுதலாகச் சாராயம் சேர்ப்பதால் அது சுமார் 20 சதவீதம் இருக்கும்; அதை இதே அளவில் ஊற்றக் கூடாது. பிரிட்டனில் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால்) மேல் வேண்டாம் என்கிறார்கள். 13.5 சதவீத ஒயினில் அது ஒன்றரை பாட்டிலுக்கும் சற்றுக் குறைவு, அதையும் மூன்று நாளுக்குக் குறையாமல் பிரித்து.

ஒரே தலைப்புச் செய்தியைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பதும் தவறுதான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எப்போதுமே குடிக்காதவர்களைவிட அளவாகக் குடிப்பவர்களிடம் மொத்த இறப்பு குறைவு, ஆனால் மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க தேசிய அகாடமிகளின் அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலும், குடிக்காத ஒருவர் உடல்நலத்துக்காகக் குடிக்கத் தொடங்க அதில் காரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் 1988லேயே வைத்துவிட்டது. ஒயினுக்கு மட்டும் விலக்கு கிடையாது.

மூட்டு அழற்சிக்காக மெதோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. அந்த மருந்தும் மதுவும் இரண்டுமே கல்லீரலைத்தான் சோதிக்கும். இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரையோடு மது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். கௌட் (யூரிக் அமிலம் படிந்து வரும் மூட்டுவலி) உள்ளவர்களுக்கு, பீர்தானே கெடுதல், ஒயின் பரவாயில்லை என்ற நினைப்பு உண்டு. ஒயினும் திரும்பத் திரும்ப வலி வரத் தூண்டலாம் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. டாக்டர் கேட்கும்போது ‘எப்போதாவது கொஞ்சம்’ என்று மழுப்பாமல், வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மில்லி, பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது என்பதை அப்படியே சொல்லுங்கள். மருந்தின் அளவையும் கல்லீரல் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வேண்டும் என்பதையும் அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.