கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் முன் ஸ்குரூடிரைவரை எடுங்கள்

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை, பீப் சத்தமும் இல்லை. இந்தப் பதிவு அந்த நிலைமைக்கு மட்டும். ஃபேன் சுற்றுகிறது, திரையில்தான் ஒன்றும் வரவில்லை என்றால் அது வேறு வியாதி. அதற்கு ராமைக் (உள்ளே செருகியிருக்கும் நினைவகப் பலகையை) கழற்றி மாட்டுவதில் ஆரம்பியுங்கள்.

என் கம்ப்யூட்டர் இப்படிப் படுத்துக்கொண்டபோது, "எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போயிருக்கும்" என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். புதிதாக ஒன்று வாங்கி, பழைய கேபிள்களையெல்லாம் பிடுங்கி, ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி மாட்டினேன். பட்டனை அழுத்தினால் அதே மௌனம். கடைசியில் போயிருந்தது கேபினெட்டின் முன்னால் இருக்கும் அந்தச் சின்னப் பட்டன்தான்! அதனால் கீழே மூன்றாவது படியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

1. கரண்ட் உள்ளே போகிறதா?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ். எதுவும் வேண்டாம். நேராகச் சுவர் பிளக்கில் சொருகுங்கள். மானிட்டருக்கு வரும் பவர் கேபிளும் பெரும்பாலும் இதே வகைதான். அதைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தால் கேபிள் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். பெருக்கித் துடைக்கும்போது கை பட்டு இது மாறிப்போவது சகஜம்.

2. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம்

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் மறுபடி மாட்டுங்கள். கேட்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் காரணம் உண்டு. மின்சாரம் எகிறினாலோ எங்காவது ஷார்ட் ஆனாலோ எஸ்.எம்.பி.எஸ். தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் வடிந்தால்தான் அந்தப் பூட்டு விடும்.

3. பட்டனை ஓரங்கட்டுங்கள்

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். முன் பட்டனிலிருந்து மெல்லிய இரட்டை வயர் ஒன்று மதர்போர்டுக்கு (உள்ளே இருக்கும் பெரிய மின்சுற்றுப் பலகைக்கு) போகும். அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் போர்டின் கீழ் ஓரத்தில், வலது மூலையை ஒட்டி இருக்கும். இரண்டு வரிசையாகக் குட்டிக் குட்டிப் பின்கள், அதில் ஒன்று மட்டும் இல்லாமல் மொத்தம் 9. பவர் சுவிட்ச், ரீசெட், ஹார்டு டிஸ்க் லைட், பவர் லைட் நான்கும் இங்கேதான் குடித்தனம்.

இங்கேதான் எனக்குக் கை நடுங்கியது. யு.எஸ்.பி. கேபிள் மாட்டும் இடமும் பக்கத்திலேயே, அச்சு அசலாக அதே 9 பின்களோடு இருக்கிறது. அதில் தப்பான இரண்டைச் சேர்த்துவிட்டால் 5 வோல்ட் லைன் நேராக ஷார்ட் ஆகும். ஆகவே கண்ணால் ஊகிக்காதீர்கள். போர்டின் மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். மதர்போர்டின் கையேட்டில் படமும் இருக்கும். பவர் சுவிட்ச் பின்கள் எவை என்று உறுதியான பிறகு, அவற்றில் மாட்டியிருக்கும் வயரை உருவிவிட்டு, பிளக்கை ஆன் செய்து, தட்டை முனை ஸ்குரூடிரைவரால் இரண்டு பின்களையும் ஒரே நேரத்தில் தொட்டு உடனே எடுத்துவிடுங்கள். அரை நொடி போதும். ஷாக் அடிக்காது, அங்கே இருப்பது சில வோல்ட்தான். பட்டனும் உள்ளே செய்வது இதே வேலையைத்தான்.

ஃபேன் சுற்றியதா? கோளாறு பட்டனில். புதுப் பட்டனுக்காக அலைய வேண்டாம்: ரீசெட் பட்டனின் வயரை எடுத்துப் பவர் சுவிட்ச் பின்களில் மாட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் சரி. என் கம்ப்யூட்டர் இன்றுவரை ரீசெட் பட்டனில்தான் உயிர் பெறுகிறது.

4. அப்போதும் அசையவில்லை என்றால்

மல்டிமீட்டர் எடுங்கள். திரை வைத்த எஸ்.எம்.பி.எஸ். டெஸ்டர் என்று தனியாக விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் இன்னும் பத்து வேலைக்கு ஆகும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, மதர்போர்டில் மாட்டியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்பக்கமாகக் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை ஊதா வயரிலும் செருகுங்கள். பிளக் ஆனிலும் கம்ப்யூட்டர் ஆஃபிலும் இருக்கும்போதே 4.75க்கும் 5.25க்கும் நடுவில் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். கதை முடிந்தது. சரியாக இருந்தால் மட்டும் அது நல்லது என்று அர்த்தமில்லை, மற்ற லைன்கள் படுத்திருக்கலாம்.

அதற்கும் வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாக் கனெக்டரையும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, அப்புறம் பிளக்கை ஆன் செய்தால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபேன் சுற்ற வேண்டும். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம். வயர்கள் எல்லாமே கறுப்பாக இருக்கும் மாடல் என்றால் பின் வரைபடம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

இதிலும் தேறிவிட்டால் பிராசஸர் (அதன் ஃபேனோடு), ராம் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வைத்து போர்டைக் கேபினெட்டுக்கு வெளியே, அட்டை மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடினால், போர்டுக்கு அடியில் ஏதோ ஸ்குரூ ஷார்ட் செய்திருக்கலாம்.

பின்னால் சேர்த்தது: ஆன் ஆகி நாலைந்து நொடியில் தானே அணைகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பட்டன் உள்ளே சிக்கி அழுந்தியே இருந்தால் இப்படி ஆகும். 4 நொடி தொடர்ந்து அழுத்தினால் கட்டாயமாக அணைப்பதுதான் அதன் வேலை. அவருக்கும் வயரை உருவச் சொன்னேன், தானே அணைவது நின்றுவிட்டது. இன்னொருவர் தூசி தட்டிய பிறகு ஆன் ஆகவில்லை என்றார். பவர் சுவிட்ச் வயரைப் பக்கத்திலேயே இருக்கும் பவர் லைட் பின்களில் மாட்டியிருந்தார்.