ஒரே கார், ஆளுக்கொரு விதி: மலேசியாவுக்கு ஓட்டிப் போகும்போது நடக்கும் தவறுகள்

ஜூன், நவம்பர் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், சிங்கப்பூரில் இருக்கும் நம்மில் பலர் காரை எடுத்துக்கொண்டு மலேசியாவுக்குக் கிளம்பிவிடுகிறோம். பத்துமலை முருகன் கோயில், கிள்ளானில் சித்தப்பா வீட்டுத் திருமணம், எதுவும் இல்லையென்றால் ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயிலுக்காவது ஒரு நடை. அடிக்கடி போய்ப் பழகிய பாதை என்பதால் அனுமதிகளைச் சரிபார்ப்பதில் அலட்சியம் வந்துவிடுகிறது. வண்டிக்கு எடுக்க வேண்டிய அனுமதி வேறு, அதில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய அனுமதி வேறு. நான் பார்த்தவரை, இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்பவர்கள்தான் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவும் மகனும் சிங்கப்பூரர்கள். அம்மா நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறார். பாட்டி தஞ்சாவூரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கிறார். ஒரே காரில் போகும் இந்த நாலு பேருக்கும் ஒரே விதி பொருந்தாது. மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை, அதாவது நுழையுமுன் இணையத்தில் நிரப்பும் படிவத்தை, அப்பாவும் மகனும் நிரப்ப வேண்டியதில்லை, ஏனென்றால் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. அம்மா நிரப்பியே ஆக வேண்டும். சிங்கப்பூர் நிரந்தரவாசத் தகுதி அந்த விலக்கைத் தராது. வேலை அனுமதி, எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்று சிங்கப்பூரில் வேலை செய்வதற்கான அனுமதி வைத்திருக்கும் வெளிநாட்டவர்களுக்கும் இதேதான். “எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் நிரப்பலையே, நான் மட்டும் எதுக்கு?” என்று கேட்பவர்கள், அவர் கையில் இருக்கும் கடப்பிதழ் வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த அட்டையை மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும், போன மாதம் நிரப்பியது இந்த மாதத்திற்கு உதவாது. நிறையப் பேர் தேதியில்தான் தவறு செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்குக் கிளம்புவதால் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டுவிடுவார்கள். வூட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் நின்று ஜொகூர் முகப்புக்குப் போய்ச் சேரும்போது நள்ளிரவு தாண்டி சனிக்கிழமை ஆகியிருக்கும். நீங்கள் உண்மையில் எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர்வீர்கள் என்று யோசித்துத் தேதியைப் போடுங்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) போட்ட பெயர்கள், குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும் இந்தியக் கடப்பிதழ்கள், ஒரே எழுத்தாக நிற்கும் தலைப்பெழுத்து. சில இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. அப்படி நேர்ந்தால் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் கடப்பிதழில் உள்ளபடியே, அதே வரிசையில் இருக்கட்டும். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடப்பிதழில் வேறு மாதிரி இருந்தால் கடப்பிதழைத்தான் பின்பற்ற வேண்டும். அதன் எண்ணை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாமல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள். அதைப் புதுப்பித்தவர்கள் பழைய எண்ணையே போட்டுவிடுவது சர்வ சாதாரணம். அப்படியே அது காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. கூகளில் தேடினால் மேலே வந்து நிற்கும் சில தளங்கள் பணம் கேட்கும், பார்க்க அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும். முகவரி ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். வயதானவர்களும் புதிதாக வேலைக்கு வந்த தம்பிகளும் இதில் பணத்தை மட்டுமல்ல, கடப்பிதழ் விவரங்களையும் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

சரி, பாட்டி விஷயத்துக்கு வருவோம். அவர் மலேசியாவுக்குள் போவது இப்போது எளிது. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சிக்கல் வருவது திரும்பி வரும்போதுதான். சிங்கப்பூருக்கான அவருடைய விசா பலமுறை நுழையக்கூடியதா, ஒரு முறைக்கு மட்டுமா? ஒரு முறைக்கு மட்டும் என்றால், ஜொகூரில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டுக்கு வர முடியாமல் அங்கேயே நிற்க வேண்டிவரும். இன்னொன்று: சிங்கப்பூரை விட்டு வெளியேறினால் அவருடைய வருகை அனுமதி அதோடு முடிந்துவிடும். திரும்பும்போது எத்தனை நாள் தருவது என்பது அதிகாரியின் கையில். அதனால் சிங்கப்பூருக்கான இணையப் படிவமான எஸ்ஜி வருகை அட்டையும் மறுபடி நிரப்ப வேண்டும். தரைவழியே திரும்பும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி வைத்திருப்போர் ஆகியோருக்கு அது தேவையில்லை என்பதால், வீட்டில் யாருக்கும் அந்த நினைப்பே வராது. அம்மா, நிரந்தரவாசியாகத் திரும்பி வரத் தேவையான தன் மறுநுழைவு அனுமதி இன்னும் செல்லுபடியாகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

2024 மார்ச்சிலிருந்து வூட்லண்ட்சிலும் துவாசிலும் கியூஆர் குறியீட்டைக் காட்டியே கார்கள் கடக்கலாம். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் குடும்பத்துக்கே ஒரு குழுக் குறியீடு எடுக்கலாம், நல்ல வசதி. அதற்காகக் கடப்பிதழை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. அந்தக் குறியீடு சிங்கப்பூர்ப் பக்கத்துக்கு மட்டும்தான், பாலத்தைத் தாண்டினால் கடப்பிதழ் வேண்டும். போன பயணத்தில் எடுத்த குழுக் குறியீட்டை, ஆட்கள் மாறிய பிறகும் அப்படியே காட்டுவது இன்னொரு தவறு. வண்டியில் இல்லாத மாமாவின் பெயரும் அதில் சேர்ந்தே போய்விடும்.

இனி வண்டி. விஇபி எனப்படும் மலேசிய வாகன நுழைவு அனுமதி, சிங்கப்பூரில் பதிவான கார்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். முதலில் எச்சரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம், அதைக் கட்டிவிட்டுத்தான் மலேசியாவை விட்டு வெளியேற முடியும். பதிவுக் கட்டணம் 10 ரிங்கிட், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ஒப்புதல் மின்னஞ்சல் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் இதில் முக்கியமான தவறு. மின்னஞ்சலுக்கு அப்புறம், வண்டியை அடையாளம் காட்டும் மின்னணு ஒட்டியான ஆர்எஃப்ஐடி வில்லையைப் பெற்று, சொன்ன இடத்தில் ஒட்டி, இணையத்தளத்தில் அதை முடுக்கிவிட வேண்டும். வில்லை காரிலேயே இருக்கும், ஆனால் முடுக்கியிருக்க மாட்டார்கள். கணக்கைத் திறந்து, செயல்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டிய வில்லையைப் பிரித்து வேறு வண்டியில் ஒட்ட முடியாது.

பழைய கார் வாங்கியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் தன் பதிவை நீக்காமல் இருந்தால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். கைமாறும் அன்றே அவரைப் பிடித்து நீக்கச் சொல்லுங்கள், அப்புறம் தேடிப் பிடிப்பது கடினம். நிறுவனத்தின் பெயரில் உள்ள வண்டியை நிறுவனப் பிரிவில்தான் பதிய வேண்டும், முதலாளியின் சொந்தப் பெயரில் அல்ல. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கும் வேலை அல்ல இது.

ஜொகூருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. விஇபி இருப்பதால் அது தள்ளுபடியாகாது. அதைக் கட்டப் பயன்படும் டச் என் கோ அட்டையில் பணம் மிச்சம் இருக்கிறதா, அட்டை காலாவதியாகவில்லையா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கிளம்புமுன் பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். குறைந்தால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், வண்டியையும் திருப்பி அனுப்புவார்கள். முள் முக்கால் கோட்டில் ஊசலாடிக்கொண்டிருந்தால் போட்டுவிட்டே போங்கள்.

வாடகைக் காரை நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி ஓட்டிப் போகாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். நண்பரின் காராக இருந்தால் அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

தாய்லாந்து வரை ஓட்டிப் போகிறவர்களுக்குச் சட்டம் மறுபடி மாறுகிறது. அங்கே 2025 மே 1 முதல் மின்னிலக்க வருகை அட்டை வந்துவிட்டது. சிங்கப்பூரர்களுக்கும் விலக்கு கிடையாது. மலேசியாவில் நிரப்பாமலே பழகிய அப்பா தடுக்கி விழுவது இங்கேதான். நம் கார்க் காப்புறுதி பெரும்பாலும் மேற்கு மலேசியாவோடு, தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைதான் செல்லும். ஹட்யாய் அதற்குள் வரும், கிராபியும் புக்கெட்டும் வராது. அதுபோக, தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியைத் தனியாக வாங்க வேண்டும். மலேசிய எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஈத்தாமுக்கு முன்னால் உள்ள சங்லூன் ஊர்க் கடைகளில் கிடைக்கும், வண்டிக்கான படிவங்களையும் அங்கேயே நிரப்பித் தருவார்கள். எல்லையில் தாய்லாந்துச் சுங்கத்துறை வண்டிக்குத் தற்காலிக இறக்குமதிச் சீட்டு ஒன்றைத் தரும். அதில் உள்ள தேதியையும் வண்டி எண்ணையும் சாளரத்தை விட்டு நகருமுன் சரிபாருங்கள். வெளியேறும்போது அதே சீட்டைச் சுங்கத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், கடப்பிதழோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.